ஒரு குச்சி செடியாவது எப்படி?

சிலருக்குக் கைராசி உண்டு என்பார்கள். போகிற போக்கில் ஒரு கிளையை ஒடித்து மண்ணில் செருகுவார்கள். மாதம் திரும்புவதற்குள் அது துளிர்த்து நிற்கும். நாம் அதே செடியில் அதே அளவுக் குச்சியை வெட்டி, அக்கறையாக நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவோம். பத்தாம் நாள் அடி கறுத்து, தொட்டால் வழுக்கிக்கொண்டு கையோடு வரும். எனக்கு அந்த ராசி இல்லை என்றே பல வருடம் நம்பியிருந்தேன். பிறகு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன்: என்ன செடி, குச்சி எவ்வளவு தடிமன், எந்த மாதம், எதில் நட்டேன், என்ன ஆயிற்று. நாற்பது ஐம்பது வரிகள் சேர்ந்தபோது விஷயம் வெளிச்சமானது. செத்த குச்சிகளில் பாதிக்கு மேல் நான் ஊற்றிய தண்ணீரால் செத்தவை. மீதியில் பெரும்பகுதி, வேர் விட்டதா என்று நான் பிடுங்கிப் பார்த்ததால் செத்தவை.

அந்த நோட்டிலிருந்து தேறியதுதான் இந்தக் கட்டுரை. தோட்டத்துப் புதர்ச்செடிகளையும் சிறு மரங்களையும் முதன்முறையாகக் குச்சி வெட்டிப் பெருக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். கூரான கத்தரி, மணல், பிளாஸ்டிக் பை, கொஞ்சம் நிழல் இருந்தால் போதும். பிறகு ஆறு வாரம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரிய வேண்டும். உள்ளதில் கடினமான வேலை அதுதான்.

வரவில்லாத குச்சி

வெட்டிய குச்சிக்கு வேர் இல்லை, இலை இருக்கிறது. இலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட அடியிலிருந்து வருவது மிகக் குறைவு. வருமானம் நின்றுபோன வீட்டில் செலவு மட்டும் நடப்பது போலத்தான். கையிருப்பு தீர்வதற்குள் புது வேர் வந்துவிட்டால் குச்சி பிழைக்கும். செலவைக் குறைக்கிறேன் என்று எல்லா இலையையும் உருவிவிட்டால், இளங்குச்சிக்கு அதுவும் ஆபத்து. வேர் உண்டாக்கத் தேவையான சர்க்கரையை அந்த இலைகள்தான் வெளிச்சத்தில் தயாரிக்கின்றன. இலையைப் பாதியாக நறுக்குவது, பையால் மூடுவது, நிழலில் வைப்பது என்று இனி நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த வரவு செலவைச் சரிக்கட்டும் வேலைகள்.

புது வேர் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரியும். அந்தப் பச்சைக்கும் உள்ளே, கட்டையை ஒட்டி, கேம்பியம் என்கிற மெல்லிய வளர்திசு அடுக்கு இருக்கிறது. கிளை தடிப்பது அதனால்தான். குச்சியை வெட்டி வைத்தால், பெரும்பாலான மரவகைகளில் புதிய வேர்கள் அந்த அடுக்கின் அருகிலிருந்துதான் புறப்படுகின்றன. நுனிக்குருத்திலும் இளம் இலைகளிலும் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கீழ்நோக்கி இறங்கி, வெட்டிய அடியில் வந்து தேங்குகிறது. அங்கே வேர் பிறக்க அது தூண்டுகிறது. குச்சியைத் தலைகீழாக நட்டால் ஏன் உருப்படுவதில்லை என்பதற்கு இதுவே காரணம். எந்த முனை மேல், எந்த முனை கீழ் என்பதை நாம் மறந்தாலும் குச்சி மறப்பதில்லை.

மல்லிகை, வில்லோ, பாப்லர் போன்றவற்றின் தண்டில் வேர் மொட்டுகள் ஏற்கெனவே ஒளிந்திருக்கும். ஈரம் பட்டால் போதும், வெளியே வந்துவிடும். போகிற போக்கில் செருகுகிறவர்களின் கைராசியில் பாதி, அவர்கள் செருகும் செடியின் ராசி.

இப்படி வளரும் செடி தாய்ச்செடியின் அச்சு அசலான நகல். விதையில் வந்தால் பூவின் நிறம் மாறலாம், பழத்தின் ருசி மாறலாம். குச்சியில் வந்தால் பெரும்பாலும் மாறாது. விதையில்லாத திராட்சையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருவதும் குச்சிதான். யோர்தான் பள்ளத்தாக்கில் சுமார் 11,400 ஆண்டுகளுக்கு முந்தைய, கருகிப்போன அத்திப் பழங்கள் கிடைத்தன. அவை முளைக்கும் விதை இல்லாத வகை என்றும், மனிதர்கள் கிளை நட்டு வளர்த்திருக்க வேண்டும் என்றும் 2006-இல் சில ஆய்வாளர்கள் எழுதினார்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது என்று மறுத்தவர்களும் உண்டு. எப்படியானாலும் அத்திக் குச்சியை ஒருமுறை நட்டுப் பார்த்தவருக்கு, பழங்காலத்து மனிதர் இதைக் கண்டுபிடித்திருப்பார் என்று நம்புவதில் சிரமம் இருக்காது. அவ்வளவு சுலபமாக வேர் விடும்.

நகல் என்றால் நோயும் சேர்ந்துதான் வரும். இலையில் மஞ்சள் நெளிகோடுகளோ சுருட்டலோ இருக்கிற ரோஜாவில் குச்சி எடுத்தால், வைரஸையும் கூடவே எடுத்து வருகிறீர்கள்.

எந்தக் கிளையை வெட்டுவது

குச்சிகளை முற்றலை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். இதற்கு நூலறிவு வேண்டாம், வளைத்துப் பார்த்தாலே தெரியும்.

இந்தப் பருவத்தில் வளர்ந்த பசுந்தண்டு, வளைத்தால் படக்கென்று முறிந்தால் அது இளங்குச்சி. சீக்கிரம் வேர் விடும், அதைவிடச் சீக்கிரம் வாடும். முறியாமல் துவண்டு தொங்குகிற நுனித்தளிர் அதையும்விடப் பிஞ்சு, அது வேண்டாம். வளைத்தால் வில்லாக வளைந்து, விட்டதும் நிமிர்ந்தால் அரைமுற்றல். அடிப்பக்கம் பச்சை மறைந்து பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கும். செம்பருத்தி, நந்தியாவட்டை, மல்லிகை, இட்லிப்பூ, குரோட்டன்ஸ் போன்ற பசுமை மாறாத செடிகளுக்கு இந்தப் பருவம்தான் உகந்தது. புதிதாகத் தொடங்குபவர் எதை எடுப்பது என்று குழம்பினால் கண்ணை மூடிக்கொண்டு அரைமுற்றலை எடுக்கலாம். மூன்றாவது, வளையவே வளையாத முற்றிய குச்சி. இலை உதிர்த்து ஓய்வெடுக்கும் அத்தி, திராட்சை, மாதுளை, முசுக்கொட்டை போன்றவற்றில், ஓய்வு முடிந்து மொட்டு விழிப்பதற்குச் சற்று முன் வெட்ட வேண்டும். இதற்கு இலையே தேவையில்லை. கட்டைக்குள் சேமிப்பு இருக்கிறது.

முற்றலைப் போலவே முக்கியம் தாய்மரத்தின் வயது. விதையிலிருந்து வளர்ந்த மரம் இளமையில் எளிதாக வேர் விடும். பூத்துக் காய்த்து முதிர்ந்தபின் அதே மரத்தின் குச்சி பிடிவாதம் பிடிக்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. குச்சி வேண்டுகிற மரத்தில், இரண்டு மூன்று மாதம் முன்பே ஒரு கிளையை அடியோடு சேர்த்துக் கவாத்து செய்துவிடுங்கள். அடிமரத்தை ஒட்டி வீரியமாகக் கிளம்பும் புதுக் கிளைகள், உச்சிக் கிளைகளைவிட நன்றாக வேர் பிடிக்கும்.

கிளை எந்தத் திசையில் வளர்ந்தது என்பதைக் கூடச் சில மரங்கள் நினைவில் வைத்திருக்கும். காப்பிச் செடியின் பக்கக் கிளையை வெட்டி நட்டால், வேர் பிடித்தபின்னும் அது பக்கவாட்டிலேயே படரும், நேராக நிமிராது. தோட்டங்களில் அழகுக்கு வைக்கும் அராக்கேரியா மரமும் அப்படித்தான். இந்த மாதிரி மரங்களில் நேரே மேல்நோக்கி வளரும் தண்டை மட்டுமே எடுக்க வேண்டும்.

ஒட்டு ரோஜாவில் ஒரு கண்ணி உண்டு. ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பும் கிளை, வேருக்காக வைத்த காட்டு ரோஜாவின் கிளை. அது கொழுகொழுவென்று இருப்பதால் புதியவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும். அதை நட்டால் ஆசைப்பட்ட பூ வராது. முடிச்சுக்கு மேலே உள்ளதை எடுங்கள்.

மொட்டோ பூவோ உள்ள கிளையைத் தவிர்ப்பது நல்லது. வேருக்குப் போக வேண்டியதைப் பூ தின்றுவிடும். வேறு கிளையே இல்லையென்றால் மொட்டுகளைக் கிள்ளிவிட்டு எடுக்கலாம். யூரியா தின்று கருகருவென்று கொழுத்த கிளையும் வேண்டாம்.

வெட்டும் நாள்

முந்தின நாள் மாலை தாய்ச்செடிக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். அப்போதுதான் தண்டு நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். உச்சி வெயிலில் வெட்டிய குச்சி பாதி உயிரோடுதான் கைக்கு வருகிறது. கத்தரியைச் சாராயச் சத்துள்ள கிருமிநாசினியால் துடைத்துக்கொள்ளுங்கள். கூர்மை மிக முக்கியம். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும், நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும். கத்தரியால் கிளையை எடுத்துவிட்டு, அடிவெட்டை மட்டும் புதுப் பிளேடால் மறுபடி சீராக வெட்டுவது என் வழக்கம்.

வெட்டியதை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். ஒரே நாளில் நட்டுவிட வேண்டும்.

ஒரு செம்பருத்திக் குச்சியை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம். பென்சில் தடிமன், ஒரு சாண் நீளம் உள்ள அரைமுற்றல் கிளை. இலை தண்டோடு சேரும் இடம் ஒவ்வொன்றும் ஒரு கணு. லேசாகப் புடைத்திருக்கும், விரலால் தடவினால் தெரியும். கீழ்க் கணுவுக்குச் சற்றே கீழே, அரை சென்டிமீட்டருக்குள், சாய்வாக வெட்டுங்கள். பல செடிகளில் கணுவருகில்தான் வேர் மிகுதியாக வரும். கணுவுக்குக் கீழே நீளமாக வால் விட்டால், அந்த வால் எதற்கும் உதவாமல் அழுகும். மேலே ஒரு கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நேராக வெட்டுங்கள். மேலே நேர்வெட்டு, கீழே சாய்வெட்டு என்று வழக்கமாக்கிக்கொண்டால், இலையில்லாத குச்சிகள் இருபது ஒரே கட்டாகக் கிடந்தாலும் தலை எது கால் எது என்று தடுமாற வேண்டியதில்லை. இப்போது கையில் 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில், நான்கைந்து கணுக்களோடு ஒரு துண்டு இருக்கும். கீழ்ப்பாதி இலைகளைப் பட்டை உரியாமல் கிள்ளி எடுங்கள். மேலே இரண்டு அல்லது மூன்று இலை போதும். அவையும் பெரிதாக இருந்தால் குறுக்கே பாதி நறுக்குங்கள். அடியில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டையை மெல்லியதாகச் சீவினால், கேம்பியம் வெளித் தெரியும்; வேர் வெடிக்கக் கூடுதலாக இடம் கிடைக்கும். முற்றிய குச்சிகளுக்கு இந்தச் சீவல் நல்ல பலன் தரும், இளங்குச்சிகளுக்குத் தேவையில்லை.

ஒரு செடி வேண்டுமென்றால் ஒரு குச்சி வெட்டாதீர்கள். ஐந்தாறு வெட்டுங்கள். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் எல்லாம் பிழைப்பதில்லை.

வேர் ஊக்கி வேண்டுமா?

செம்பருத்தி, அத்தி, முருங்கை, மல்லிகைக்கு அவசியமில்லை. காகிதப்பூ, ரோஜா போன்றவற்றில் வித்தியாசம் தெரியும். கடையில் கிடைக்கும் வேர் ஊக்கிப் பொடிகள் பலவற்றில் இருப்பது இண்டோல் பியூட்டிரிக் அமிலம், சுருக்கமாக ஐபிஏ. 1935-இல் அமெரிக்காவின் போய்ஸ் தாம்சன் ஆய்வு நிலையத்தில் சிம்மர்மன், வில்காக்சன் என்ற இருவர் இது வேரைத் தூண்டுவதைக் காட்டினார்கள். நர்சரிக்காரர்கள் இன்றும் அதைத்தான் நம்புகிறார்கள். டப்பாவின் மேல் உள்ள விகிதத்தைப் பாருங்கள்: இளங்குச்சிக்கு 0.1 சதவீதம், அரைமுற்றலுக்கு 0.3, முற்றிய கடினக் குச்சிக்கு 0.8 வரை. கூடுதலாகப் போட்டால் கூடுதலாக வேர் வரும் என்று நினைக்க வேண்டாம். அளவு மீறினால் அடி கருகும், மேல்மொட்டு விழிக்க மறுக்கும். பொடியில் கொஞ்சத்தைத் தனித் தாளில் கொட்டிக்கொண்டு, குச்சியின் அடி ஒரு சென்டிமீட்டரை அதில் தொட்டு, தட்டி உதறிவிட்டு நடுங்கள். ஈரக் குச்சியை டப்பாவுக்குள்ளேயே விட்டால் மிச்சப் பொடி கட்டிதட்டிப் போகும்.

தேன், இலவங்கப்பட்டைத்தூள், கற்றாழைச் சாறு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தேனும் பட்டைத்தூளும் பூஞ்சையை ஓரளவு தடுக்கக்கூடும். வேரைத் தூண்டும் ஆக்சினுக்கு அவை மாற்று ஆகா. நான் செம்பருத்தியில் தேன் தொட்ட ஆறு, தொடாத ஆறு என்று பக்கத்தில் பக்கத்தில் நட்டேன். தொட்டதில் நான்கு, தொடாததில் ஐந்து பிழைத்தன. எறும்புக்குத்தான் கொண்டாட்டம்.

மண்ணில் மண் வேண்டாம்

குச்சி நடும் கலவைக்கு இரண்டே தகுதி போதும்: ஈரம் தாங்க வேண்டும், காற்று புக வேண்டும். தோட்டத்து மண் தொட்டியில் இறுகிவிடும். வேர் பிறக்கும் இடத்தில் காற்று இல்லாமல் போகும். உரமும் வேண்டாம். உண்ண வாயில்லாத குச்சிக்கு மண்புழு உரம் எதற்கு? அது பூஞ்சைக்குத்தான் விருந்து. பருமணல் ஒரு பங்கு, நன்றாகக் கழுவிய தென்னை நார்த்தூள் ஒரு பங்கு போதுமான கலவை. பெர்லைட் (நர்சரிகளில் விற்கும், பொரி போல லேசான வெள்ளைத் துகள்) கிடைத்தால் மணலுக்குப் பதில் அதைச் சேர்க்கலாம். தென்னை நார்த்தூளில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழியுங்கள். கடல் மணல் கூடவே கூடாது.

கலவையை நனைத்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு விழுந்தால் சரியான பதம். ஒழுகினால் ஈரம் அதிகம், கையை விரித்ததும் உதிர்ந்துபோனால் குறைவு. இந்தப் பதத்தில் நட்டு மூடிவிட்டால், பல நாள் தண்ணீரே ஊற்ற வேண்டியிருக்காது. காலை மாலை ஊற்றிய காலத்தில் இந்த ஒன்று தெரிந்திருந்தால் என் நோட்டில் பாதிப் பக்கம் மிச்சமாகியிருக்கும்.

தொட்டி தட்டையாக இருப்பதைவிட உயரமாக இருப்பது மேல். எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு பட்டை அளவுக்கு நீர் தேங்கி நிற்கும். தட்டையான தட்டில் குச்சியின் அடி அந்தத் தேக்கத்துக்குள்ளேயே நிற்கும்; உயரமானதில் அதற்கு மேலே நிற்கும். அடியில் துளையிட்ட ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கீழ்ப்பாதி நன்றாக உதவும்.

பென்சிலால் குழி போட்டு, அதில் குச்சியை இறக்குங்கள். குச்சியாலேயே குத்தினால் பட்டை உரியும், தொட்ட பொடியும் மேலேயே வழிந்துவிடும். இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போக வேண்டும். சுற்றி விரலால் அழுத்தி ஒரே ஒருமுறை தண்ணீர் விடுங்கள். செடியின் பெயரையும் நட்ட தேதியையும் எழுதிச் செருகுங்கள். நினைவில் இருக்கும் என்று தோன்றும், இருக்காது.

மூடி வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்

இலையுள்ள குச்சிகளுக்கு மூடி அவசியம். தொட்டியின் ஓரத்தில் நான்கு ஈர்க்குச்சி குத்தி, வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, ரப்பர் வளையம் போடுங்கள். பை இலையைத் தொடக்கூடாது. உள்ளே காற்று ஈரம் நிறைந்து, இலையின் செலவு ஏறக்குறைய நின்றுவிடும். நல்ல வெளிச்சம் இருக்கட்டும், நேர் வெயில் வேண்டாம். பைக்குள் அரை மணி நேர வெயில் பட்டால் குச்சி வெந்துவிடும், உவமைக்குச் சொல்லவில்லை. காலையில் பையின் உட்பக்கம் பனித்துளி போல நீர் படிந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை சில நிமிடம் திறந்து காற்று விட்டு, உதிர்ந்த இலையை எடுத்துவிடுங்கள். அழுகும் இலை ஒன்று போதும், பூஞ்சை பக்கத்துக் குச்சிகளுக்கும் பரவ. மண்ணின் வெப்பம் 20 முதல் 27 பாகை செல்சியஸுக்குள் இருந்தால் வேர் சுறுசுறுப்பாக வரும். குளிர் காலத்தில் தொட்டியைச் சற்று வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள்.

இலையில்லாத முற்றிய குச்சிகளுக்கு மூடி வேண்டாம். நிழலும் மிதமான ஈரமும் போதும்.

இனி வருவதுதான் பலர் தோற்கும் இடம். மூன்றாவது வாரம் குச்சியில் பச்சைத் துளிர் எட்டிப் பார்க்கும். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவோம். நானும் காட்டினேன். காகிதப்பூக் குச்சி அது. இளஞ்சிவப்பு கலந்த துளிர் இரண்டு அங்குலம் வந்துவிட்டது. வேர் பிடித்துவிட்டது என்ற முடிவோடு பெரிய தொட்டிக்கு மாற்றினேன். எடுக்கும்போது அடியில் வெள்ளையாகப் பொங்கிய புண் மட்டும் இருந்தது, ஒரு நூல் வேர் கூட இல்லை. நான்கு நாளில் துளிர் தொங்கியது. தண்டில் சேமித்து வைத்திருந்ததைக் கொண்டே குச்சி துளிர்க்கும். அதற்கு வேர் தேவையில்லை. துளிர் வந்தது வேருக்குச் சான்று ஆகாது. அந்த வெள்ளைப் பொங்கலும், அதைக் கால்லஸ் என்பார்கள், வெட்டுக்காயம் ஆறியதன் அடையாளம்தான்.

வேர் வந்ததை எப்படித்தான் தெரிந்துகொள்வது? நட்டு நான்கு வாரம் ஆகும்வரை தொடாதீர்கள். பிறகு இரு விரலால் குச்சியைப் பிடித்து மிக மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். மண் பிடித்து இழுப்பதுபோல் எதிர்ப்பு தெரிந்தால் வேர் உண்டு. வழுக்கினால் உடனே விட்டுவிட்டு இன்னும் இரண்டு வாரம் கழித்து வாருங்கள். உட்புறம் தெரியும் பாட்டிலில் நட்டவர்களுக்கு இந்தச் சோதனை கூட வேண்டாம். வெளிச்சம் படாமலிருக்க பாட்டிலைச் சுற்றிக் கறுப்புத் தாள் சுற்றி, வாரம் ஒருமுறை விலக்கிப் பார்த்தால் வெள்ளை வேர் சுவரோரம் ஓடுவது தெரியும். செம்பருத்தி நான்கு முதல் ஆறு வாரம், மல்லிகையும் ஏறக்குறைய அப்படியே, ரோஜா எட்டு வாரம் வரை, காகிதப்பூ அதற்கும் மேல்.

நாட்கள் தாண்டியும் வேர் இல்லை, ஆனால் பட்டையைச் சுரண்டினால் பச்சை என்றால் குச்சி உயிரோடு இருக்கிறது. விட்டுவிடுங்கள். அடி மட்டும் கறுத்து மேலே பச்சையாக இருந்தால், கறுப்பு முழுதும் போகும்படி மேலே ஏற்றி வெட்டி, புதுக் கலவையில், ஈரத்தைக் குறைத்து நடலாம். சில சமயம் பிழைத்துக்கொள்ளும்.

தனித்தனிக் குணம்

காகிதப்பூவின் புதுவேர் கண்ணாடி நூல்போல ஒடியும். பிடுங்கி நடாமல், தொட்டியை வெட்டி மண்கட்டியோடு மாற்றுங்கள். அத்தி, மாதுளை, திராட்சைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளக் குச்சி எடுத்து, மூன்றில் இரண்டு பங்கை மண்ணுக்குள் விடலாம். மேலே ஒன்றிரண்டு மொட்டு தெரிந்தால் போதும். முருங்கைக்குப் பென்சில் குச்சி பயன்படாது. கைத்தடி போல ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை உள்ள போத்து வேண்டும். சில நாள் நிழலில் சாய்த்து வைத்து, வெட்டுவாய் உலர்ந்தபின் மூன்றில் ஒரு பங்கு புதைய நடுங்கள். ஈழத்தலரிக்கு இந்த உலர்த்தல் இன்னும் முக்கியம். ஒரு முழம் நீளக் கிளையை இலை நீக்கி, ஒன்றிரண்டு வாரம் நிழலில் போட்டுவைத்து, பால் வடிவது நின்று காயம் காய்ந்தபின் நட வேண்டும். பச்சையாக நட்டால் அழுகும்.

அரளி தண்ணீர்ப் பாட்டிலில் போட்டாலே மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். நீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி, வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆனதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். நீரில் நீண்ட வேர் மண்ணில் தடுமாறும். ஆனால் அரளியின் இலை, தண்டு, பூ எல்லாமே நஞ்சு. கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள், அந்தப் பாட்டிலைக் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வையுங்கள், வெட்டிய மிச்சத்தை எரிக்காதீர்கள். பால் வடியும் கள்ளி வகைகளிலும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதில் மெனக்கெட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தென்னை, கமுகு போன்ற பனை வகைகளுக்குக் கிளையும் இல்லை, மரம் தடிக்கச் செய்யும் கேம்பிய வளையமும் இல்லை. குச்சி முறை அங்கே செல்லாது. காய்த்துக்கொண்டிருக்கும் மா, பலா மரங்களில் குச்சி நட்டு வேருக்காகக் காத்திருப்பது பெரும்பாலும் வீண். அவற்றுக்கு ஒட்டுக் கட்டலாம், அல்லது கிளை மரத்திலேயே இருக்கும்போது பட்டையை வளையமாகச் சீவி ஈர நார் கட்டி விண்பதியன் போடலாம். விண்பதியனில் கிளைக்கு வேர் வரும்வரை தாய்மரம் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கும், வரவு நிற்பதே இல்லை.

தொட்டிக்கு மாறுதல்

வேர் உறுதியானதும் மூடியைச் சட்டென்று எடுக்கக் கூடாது. ஈரக் காற்றில் வளர்ந்த இலை வெளிக்காற்றில் ஒரே நாளில் துவண்டுவிடும். முதல் நாள் பையில் இரண்டு ஓட்டை, மறுநாள் நான்கு, பிறகு ஒரு பக்கம் திறப்பு, ஒரு வாரம் பத்து நாளில் முழுத் திறப்பு. துவண்டால் மறுபடி மூடுங்கள். வேர் நான்கைந்து சென்டிமீட்டர் ஆகி கிளைக்கத் தொடங்கியபின், உரமுள்ள சாதாரணத் தொட்டி மண்ணுக்கு மாற்றலாம். செடியைத் தண்டைப் பிடித்துத் தூக்காமல் மண்கட்டியை ஏந்தி எடுங்கள். தொட்டி ஒரு அளவுதான் பெரிதாக இருக்க வேண்டும். சின்ன வேருக்குப் பெரிய தொட்டி கொடுத்தால், உறிஞ்ச ஆளில்லாத ஈரம் தேங்கி வேரை அழுகவைக்கும். இரண்டு வாரம் நிழல், பிறகு காலை வெயில், பிறகுதான் முழு வெயில்.

செம்பருத்தி மாதிரி சில செடிகள், ஒரு சாண் உயரத்திலேயே அவசரப்பட்டு மொட்டு வைக்கும். மூன்று மாதம் காத்திருந்து கண்ட முதல் மொட்டைக் கிள்ள மனம் வராது. கிள்ளிவிடுங்கள், கூடவே நுனியையும் ஒரு கணு அளவுக்குக் கிள்ளினால், கீழிருந்து இரண்டு கிளை கிளம்பும்.

கிள்ளிய நுனி அரைமுற்றலாக இருந்தால் தூக்கி எறியாதீர்கள். பாட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.